வட்டத்துக்குள் ஒன்றுமில்லை

எனக்கு இருக்கும் நோய் எனக்கு இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். குத்தியது காகிதத்தில் மட்டும் அல்ல. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று கத்திய தொண்டை இது, சும்மா இருந்தால் கமறுகிறது.

நான் கண்டக்டர். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, பஸ் பாலத்தின் மேல் ஏறும்போது, இடது முழங்கைக்குக் கீழே ஏதோ கடித்தது. தட்டினேன். கையில் ஒன்றும் சிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காசளவில் ஒரு தடிப்பு எழுந்தது, பக்கத்தில் இன்னொன்று, பிறகு இரண்டும் கூட்டுச் சேர்ந்து உள்ளங்கை அகலம் ஆயின. அரிப்பு என்றால் அப்படியொரு அரிப்பு. தோலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாமா என்று இருந்தது. எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டச் சட்டையைக் கழற்றினால், சாட்சிக்குக்கூட ஒன்று இல்லை. மொழுமொழுவென்று கை.

மறுநாளும் சொல்லி வைத்தாற்போல ஐந்து மணி. அதற்கு அடுத்த நாளும். காணாக்கடி என்று பெயர் வைத்தவர் சும்மா வைக்கவில்லை. கடித்தது யார் என்று தெரியாது, கடித்த இடமும் தங்காது. யாரோ ஒருவர் தினமும் டிக்கெட் வாங்காமல் என் உடம்பில் ஏறி, எட்டு மணி நிறுத்தத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். நாலு மாதம் இப்படியே ஓடியது. ஐந்து அடிக்கப் போகிறது என்றாலே சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வேன். திரும்பிப் பார்ப்பேன். பின்னால் பயணிகள்தான் இருப்பார்கள்.

பயணிகளும் என்னைப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, “டிக்கெட்டை அந்தக் கம்பியில சொருகுங்க, நான் எடுத்துக்கிறேன்” என்றார். அடுத்த வாரம் புகார் போயிற்று. டெப்போ மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க மேல எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல” என்று நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டு சொன்னார். “தொத்தாதுன்னு ஒரு சர்டிபிகேட் கொண்டாங்க. ரெண்டு மாசம் டயம். இல்லைன்னா அந்த பஸ்ஸுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்.”

என் டிக்கெட் பையை வாங்கி வைத்துக்கொண்டார். விசில் என் சொந்த விசில் என்பதால் கழுத்தோடு விட்டார்.

சர்டிபிகேட் கொடுக்கும் அதிகாரம் பெரிய ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில், தோல் தடிப்பு மெய்ப்பார்வைப் பிரிவுக்கு மட்டும்தான் உண்டு. நீளமான நடைபாதை. ஒரு பக்கம் கதவுகள், ஒரு பக்கம் பெஞ்சு. வேலை நேரம் காலை பத்து முதல் மாலை நாலு வரை. என் நோயின் வேலை நேரம் ஐந்து முதல் எட்டு வரை. என் தொல்லைகள் அத்தனையும் இந்த ஒரு மணி நேர இடைவெளியில்தான் இருந்தன.

வாசல் மேசையில் ஒரு உதவியாளர். சட்டைப்பையில் நாலு நீலப் பேனா.

“எத்தனை நாளா?”

“நாலு மாசமா.”

“அது நீங்க சொல்றது. நாங்க பாக்க ஆரம்பிச்சு இன்னிக்குத்தானே முதல் நாள்? ஆறு வாரம் ஆனாத்தான் நாள்பட்டது. அதுவரைக்கும் தற்காலிகம். தற்காலிகத்தைப் பத்தி இந்தப் பிரிவு கருத்துச் சொல்றதில்ல.”

“தொத்துமா தொத்தாதான்னு மட்டும் எழுதிக் குடுத்தாப் போதுங்க.”

“எது தொத்துமா?”

“இந்தத் தடிப்பு.”

“எந்தத் தடிப்பு?” என்று என் கையை ஏற இறங்கப் பார்த்தார். கை பளிச்சென்று இருந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் குழு கூடும் என்றும், அதற்குள் ஒரு முறையாவது தடிப்பு அலுவலக நேரத்தில் நேரில் ஆஜராக வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். போகும்போது என் முன்கையில் ‘பார்வை முடிந்தது’ என்று ஒரு ரப்பர் முத்திரை குத்தினார். அது இருந்தால்தான் வாசல் காவலாளி வெளியே விடுவார். காகிதத்தில் கொடுத்தால் ஆளாளுக்குக் கைமாற்றிக்கொள்கிறார்களாம்.

மறுநாள் செல்போனில் போட்டோக்களோடு போனேன். மனைவி எடுத்தது. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், முதுகு முழுக்கத் தடிப்பு. உதவியாளர் அவற்றைப் பொறுமையாகப் பார்த்தார், தனியாக ஒரு பதிவு எண் போட்டார், அச்செடுத்து உள்ளே அனுப்பினார். எனக்கு மூச்சு வந்தது. ஒரு மணி நேரம் கழித்து மருந்துச் சீட்டு வந்தது: போட்டோவை வெயில் படாத இடத்தில் வைக்கவும், தினம் இரண்டு வேளை மெல்லிய துணியால் துடைக்கவும்.

“நோயாளிக்கு?” என்றேன்.

“நோயாளிக்கு ஒண்ணும் இல்லையே. தடிப்பு போட்டோவுலதானே இருக்கு” என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனுஷன் மனசாரத்தான் சொல்கிறார்.

பிறகு வட்டம் போட ஆரம்பித்தார். வட்டம் என்பது அங்கே பெரிய நடைமுறை. தடிப்பு எந்த இடத்தில் வரும் என்று நோயாளி சொல்ல வேண்டும். அந்த இடத்தைச் சுற்றி உதவியாளர் நீலப் பேனாவால் வட்டம் போடுவார். மறுநாள் வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். ‘வட்டம் உள்ளது. உள்ளே ஒன்றுமில்லை.’ ஒரு நாள் தொடையைக் காட்டினேன், தடிப்பு தோளில் வந்தது. ‘தடிப்பு, குறித்த இடத்துக்கு வரத் தவறியது’ என்று எழுதினார்.

ஐந்தாவது வட்டத்தின்போது ஒன்றைக் கவனித்தேன். பேனா அழுத்திய கோடு பத்து நிமிஷத்தில் சிவந்து, கயிறு ஒட்டியது போலத் தடித்து எழுந்தது. என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்!

“சார்! பாருங்க, பாருங்க! ஆபீஸ் நேரத்துலயே வந்துடுச்சு!”

அவர் குனிந்து, கண்ணாடியைத் தூக்கி, விரலால் தடவியும் பார்த்தார்.

“தடிச்சிருக்கு, இல்லைங்கல. ஆனா இது வட்டம். வட்டம் எங்களது. உங்க தடிப்பு வட்டத்துக்குள்ள வரணும். வட்டமே தடிச்சா அது இந்தப் பிரிவோட சொத்து.”

வாசல் முத்திரையும் அப்படித்தான் எழும். காவலாளி என் கையைப் பார்க்காமலே, விரலால் தடவிப் படித்துவிட்டு அனுப்புவார். அதுவும் அவர்களுடையதுதான்.

“நீங்கதானே சார் தினம் வட்டம் போடுறீங்க? என்னைப் பாத்தா பொய் சொல்ற ஆளாவா தெரியுது?”

“உங்களைப் பாக்கிறதுக்கு இந்தப் பிரிவு இல்லீங்க” என்றார்.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே தினமும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டை. அன்றைக்கு அவர் கைப்பட்டியை மெல்ல மடித்துக் காட்டினார். மணிக்கட்டு முதல் முழங்கை வரை நீல வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று, பழசு மங்கிப் புதுசு ஏறி. எல்லாம் காலி வட்டங்கள்.

“யார் போட்டது?” என்றேன்.

“முதல்ல அவங்க போட்டாங்க. ஃபைலை மூடினப்புறம் நானே போட்டுக்கிறேன். இல்லைன்னா எங்க வரும்னு தெரியாம இருக்கிறது பயமா இருக்கு.”

அப்போது கூட்டுகிறவர் வந்தார். என்னிடம் “காலைத் தூக்குங்க” என்றார். முழுக்கைச் சட்டைக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பம் அவர் செருப்பின் மேலேயே ஏறி இறங்கிப் போயிற்று. செவிலியர் ஒருவர் அவர் மடியில் தன் கோப்புக் கட்டை வைத்துவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு, கட்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“ஃபைல் மூடினா அப்படித்தான்” என்றார் அவர், கோபமே இல்லாமல். “ஆறு வருஷம் ஆச்சு. பழகிடும்.”

நாம் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். என்ன பாடுபட்டாவது தடிப்பைக் காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது வாரம் காரணம் கண்டறியும் கிளை என்னைக் கூப்பிட்டது. படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தால் கோப்பு நகராது. ஆகவே வீட்டில் சந்தேகத்துக்கு இடமான பொருள்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். தலையணை போயிற்று. போர்வை போயிற்று. சோப்பு, சீப்பு, ஜன்னல் திரை, மர நாற்காலி, கடைசியில் கழுத்து விசில். எல்லாவற்றுக்கும் ரசீது எண் கட்டி அலமாரியில் வைத்தார்கள். பூட்டிய கம்பி வலைக்குப் பின்னால் என் தலையணை குற்றவாளி போலக் குந்தியிருந்தது. ஐந்து மணிக்குத் தடிப்பு வழக்கம்போல வந்தது. வீட்டில் பேசினால் சுவர் திரும்பப் பேசியது.

இதற்கிடையில் அரிப்பு அட்டை வேறு. தினமும் தடிப்புக்கு மூன்றுக்கு எத்தனை, அரிப்புக்கு மூன்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். அரிப்புக்குச் சாட்சிக் கையெழுத்து தேவை. மனைவி போட்ட கையெழுத்தை உதவியாளர் அடித்துவிட்டார்.

“இவங்க கையெழுத்து செல்லாது. பட்டியல்ல அடுத்தது இவங்கதான்.”

“எந்தப் பட்டியல்?”

“சந்தேகப் பட்டியல். ஒரு வாரம் வேற வீட்டுல இருக்கச் சொல்லுங்க.”

இதை எப்படி வீட்டில் சொல்வது? காகிதத்தை நீட்டினேன். மனைவி படித்தாள். இருபத்திரண்டு வருஷமாக என்னோடு குப்பை கொட்டியவள்.

“தலையணைக்கு அப்புறம் நானா?” என்றாள்.

“வேலை போயிடும்மா.”

“எனக்கும் ரசீது குடுப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் கண் நிறைந்துவிட்டது. அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அந்த வாரம் வெறும் தரையில் உட்கார்ந்து ஐந்து மணிக்காகக் காத்திருந்தேன். அது வந்தது. உதடு வரை வந்தது. யாரிடமும் காட்ட முடியவில்லை. தடிப்பைத் தவிர அந்த வீட்டில் என்னோடு வேறு யாரும் இல்லை.

அந்தப் பிரிவில் ஒரே ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். மாடிப்படியில் என்னை நிறுத்தி, உதடு வீங்கிய கதையைக் கேட்டு, நகத்தால் முன்கையில் ஒரு கோடு இழுத்தார். அது தடிக்கும்வரை பொறுமையாக நின்றார். அந்தக் கட்டடத்தில் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான்.

“இது காணாக்கடிதான். நீங்க சொல்றதைக் கேட்டாலே தெரியுது. தொத்தாது. நிறையப் பேருக்குக் காரணமே தெரியறதில்ல, தேடித் தேடி வீட்டைக் காலி பண்ணாதீங்க. தூக்கம் வரவைக்காத மாத்திரை எழுதுறேன், தினம் ஒண்ணு, தடிப்பு வந்தாலும் வராட்டியும் போடுங்க. கேக்கலைன்னா எங்கிட்ட வாங்க, அளவைக் கூட்டலாம். நாக்கு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காம அவசரப் பிரிவுக்கு ஓடணும். சரியா?”

“இதையே எழுதிக் குடுங்கம்மா!”

“எனக்குச் சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடுற அதிகாரம் இல்லைங்க” என்றார் தலைகுனிந்து.

மாத்திரை போட்ட நாலாம் நாள் தடிப்பு பாதியாகக் குறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் உதவியாளரிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

“மாத்திரை சாப்பிட்டீங்களா? குழு பாக்கறதுக்கு முன்னாடியா? இது சாட்சியத்தை அழிக்கிற வேலை, தெரியுமா? முதல்ல நிரூபிக்கணும், அப்புறம்தான் குணமாகணும்!”

மாத்திரையைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார்கள். மறுநாள் டாக்டரம்மா நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். டாக்டரம்மாவை நகம் சம்பந்தமான பிரிவுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

நாற்பத்து மூன்றாம் நாள். குழு அறையில் நீண்ட மேசை, அதன் பின்னால் ஐந்து பேர், நடுவில் தலைமை மெய்ப்பார்வையாளர். மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. பதினொன்றரை மணிக்கு, அழைத்தது போல, வராத நேரத்தில் வந்தது. கை, கழுத்து, காது மடல், கண்ணிமை. ஒரு கண் மூடிக்கொண்டது. கோயில் வாசலில் நிற்பவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

தலைவர் எழுந்தார். பேசினார்.

“நண்பர்களே, பார்வை என்றால் என்ன? கண் உள்ளவர்கள் எல்லாரும் பார்ப்பவர்கள் அல்ல. முப்பத்தோரு ஆண்டுகளாக இந்தப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். அவர்களில் ஒருவரிடம்கூட நாம் தடிப்பைக் கண்டதில்லை. இது சாதாரணச் சாதனையா? இந்த ஊரில் இந்த நோயே இல்லை என்று நாம் நிலைநாட்டியிருக்கிறோம்!”

கை தட்டினார்கள்.

“ஐயா, என் கையைப் பாருங்க” என்றேன்.

“குறுக்கே பேசாதீங்க. உங்க கையைப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன்” என்றவர், மறுபடி மேடைத் தமிழுக்குப் போனார்.

பிரிவின் வரலாறு வந்தது. அலமாரி வாங்கிய வரலாறு வந்தது. நீலப் பேனாவா, கறுப்புப் பேனாவா என்று நடந்த மூன்றாண்டு விவாதம் வந்தது. தேநீர் வந்தது. ஐந்து பேரும் தலைவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடிப்புகளின் ஓரம் கரைய ஆரம்பித்தது. சிவப்பு இளஞ்சிவப்பாயிற்று. “ஐயா, போகுதுங்க, ஐயா” என்று கெஞ்சினேன். மூடியிருந்த கண் மெல்லத் திறந்தது. குணமாவதைப் பார்த்து அழுத மனுஷன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றேகால் மணிக்குத் தலைவர் உட்கார்ந்து, “சரி, பார்க்கலாம்” என்றார். பார்த்தார்கள். மொழுமொழுவென்று கை.

கோப்பை மூடினார். உதவியாளர் வேறொரு முத்திரையைக் கொண்டுவந்தார், வாசல் முத்திரையைவிடப் பெரியது, பித்தளைப் பிடி. ‘நோய் இல்லை’. காகிதத்தில் ஒன்று, கடைசி முறையாக வெளியே போவதற்காக என் முன்கையில் ஒன்று. கையில் குத்தும்போது எழும்பி நின்று அழுத்தினார்.

நடைபாதையில் பத்தடி போயிருப்பேன். அரித்தது. பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றாகச் சிவந்து எழுந்துகொண்டிருந்தது. நோய் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் படிக்கலாம், அத்தனை தடிப்பு.

திரும்பி ஓடினேன். “சார், பாருங்க! உங்க எழுத்தே சொல்லுது பாருங்க!”

உதவியாளர் பேனாவுக்கு மூடி போட்டார். என் தோளுக்குப் பின்னால் பார்த்து, “அடுத்தவங்க வாங்க” என்றார்.

“சார், உங்க கையாலதானே குத்துனீங்க! என் முகத்தைப் பாருங்க சார்!”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை முன்பே கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. ஒரு மழைநாள், பரிசோதகர் ஏறியபோது, ஒரு அம்மாளிடம் டிக்கெட் இல்லை. நனைந்த பையில் எங்கோ தொலைத்துவிட்டார். ‘உங்க கையாலதானே குடுத்தீங்க, என் முகத்தைப் பாருங்க தம்பி’ என்றார். கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ‘டிக்கெட் இருந்தாக் காட்டுங்க, இல்லைன்னா இறங்குங்க’ என்று சொல்லி, பாலத்துக்கு நடுவில் இறக்கிவிட்டேன். கொடுத்தேன் என்று பரிசோதகரிடம் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. பரிசோதகர் என்னைப் பாராட்டினார்.

கூட்டுகிறவர் வந்தார். துடைப்பம் என் செருப்பின் மேல் ஏறி இறங்கிப் போயிற்று.

பெஞ்சிலிருந்த முழுக்கைச் சட்டைக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். என் கையைத் தடவிப் பார்த்து, “எனக்கு எழுத்து இவ்ளோ தெளிவா வரல” என்றார்.

வீட்டுக்குப் போனால் மனைவி வெறும் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை. கையை வாங்கிப் படித்தாள். “நோய் இல்லையாமே. அப்ப நானும் காரணம் இல்ல” என்று ஒரு துணியை நனைத்து அதன் மேல் போட்டாள். நான் செல்போனில் அனுப்பியிருந்த மாத்திரைச் சீட்டின் நகல் அவளிடம் இருந்தது. கடைக்குப் போய் வாங்கி வைத்திருந்தாள்.

டெப்போ மேலாளர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நோய் இல்லைன்னு இருக்கு. தொத்தாதுன்னு இல்லையே? தொத்தாதுன்னு வாங்கிட்டு வாங்க.” இல்லாத நோய் தொத்தாது என்று எழுத அந்தப் பிரிவுக்கு விதி இல்லை. என் பஸ்ஸில் இப்போது வேறு ஆள். பாலத்தில் போகும்போது பார்ப்பேன், நல்ல சத்தமாகத்தான் கத்துகிறார்.

நான் இன்னும் நாலாவது மாடிக்குப் போகிறேன். முதலில் தலையணையைத் திரும்ப வாங்கத்தான் போனேன்.

சென்ற வாரம் ஒரு பெண் வந்தாள். கண்ணாடித் தொழிற்சாலையில் வேலையாம், கையுறையைக் கழற்றாமலே வந்திருந்தாள். உதவியாளர் “எந்தத் தடிப்பு?” என்று கேட்டுக்கொண்டே பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவள் கழுத்தில் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. வெளியே வந்து எங்கள் பெஞ்சருகே நின்று, யாரிடம் என்று இல்லாமல், “இருக்கே, இப்பக்கூட இருக்கே” என்றாள்.

“இருக்கும்மா. தெரியுது” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். பெஞ்சில் ஆள் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

என் பழைய வெளிநோயாளி சீட்டைத் திருப்பினேன். முழுக்கைச் சட்டைக்காரர் பேனா கொடுத்தார். தேதி, நேரம் எழுதினேன். கழுத்தில் ஐந்து, வலது காதுக்குக் கீழே இரண்டு, இரண்டு விரல் அகலம், நல்ல சிவப்பு. கீழே ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், மூலையை மடித்துக் கிழித்து நீட்டினேன்.

“இது எங்கயும் செல்லாது” என்றேன்.

“தெரியுதுங்க” என்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டாள்.